நட்சத்திரம் வைத்த தொப்பி

வேலாயியின் இடுப்பில் அரிசி இருக்கிறது என்று அன்றைக்குத் தோட்டம் முழுக்க நம்பியது. அவளிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

அது மலாய் நாட்டில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். கேமரன் மலைக் காடுகளுக்குள் கம்யூனிஸ்ட்டுகள் துப்பாக்கியோடு ஒளிந்திருந்தார்கள். தோட்டத்துச் சனங்கள் அவர்களைக் காட்டுக்காரர்கள் என்பார்கள். காட்டுக்காரர்களுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாது என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. சரிவுக்குச் சரிவு சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களைப் பிடுங்கி ஒரே இடத்தில் நட்டு, சுற்றிலும் இரட்டை முள்வேலி போட்டு, ஒரே ஒரு வாசல் வைத்தார்கள். மாலையில் பூட்டினால் மறுநாள் காலையில்தான் அது திறக்கும். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும், கொழுந்துக் கூடையோடு வரும் பெண்களை ஒருத்தி விடாமல் தடவிப் பார்த்த பிறகே தேயிலைக் காட்டுக்கு அனுப்புவார்கள். ஆண்கள் தொட்டுப் பார்ப்பது மரியாதை இல்லை என்று, அந்த வேலையை மணியம்மா என்ற விதவைக்குக் கொடுத்திருந்தார்கள். பெண்களின் மரியாதை விஷயத்தில் தோட்டம் அவ்வளவு கவனமாக இருந்தது.

அன்று மணியம்மாவின் கை வேலாயியின் இடது இடுப்புக்கு வந்ததும் நின்றது. கொழுக்கட்டை அளவுக்கு ஒன்று அங்கே புடைத்துக்கொண்டிருந்தது.

"என்னாடி இது?"

"ஒண்ணுமில்லக்கா. வீக்கம்."

மணியம்மா பேசாமல் விட்டிருப்பாள். வேலாயியின் பக்கத்து வீடுதான் அவளுக்கு. அந்த வீக்கம் எப்படி வந்தது என்பதைப் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு முழுசாகக் கேட்டவள் அவள். ஆனால் பின்னால் குடையோடு நின்ற, தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணி சுப்பிரமணியம், "அரிசியா?" என்று ஒரு சத்தம் போட்டார். அவ்வளவுதான். வேலாயியைக் கையைப் பிடித்து ஆபீசுக்கு இழுத்துப் போனார்கள். துரை வந்தார். மருந்து கொடுக்கும் டிரெசர் வந்து புடைப்பை அழுத்திப் பார்த்தார். அரிசியாக இருந்தால் நறநறக்கும். இது அழுத்த அழுத்த வேலாயிதான் பல்லைக் கடித்தாள்.

கடைசியில் அது வெறும் வீக்கம் என்று தீர்ப்பானது. எல்லோருக்கும் நிம்மதி. துரை கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில், "நல்ல வீக்கம். அரிசி இல்லே. நல்ல பொம்பளே" என்று சொல்லி அவள் தோளில் தட்டினார். வீக்கத்துக்கு அவசரகாலச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை.

எல்லோரும் சந்தோஷமாக இருக்கிற இந்த நேரத்தை விட்டால் கிடைக்காது என்று வேலாயி வாயைத் திறந்தாள்.

"கிராணியய்யா, எனக்கு வெளிய போக ஒரு பாஸ் வேணும். ரிங்லெட்டுல எங்கக்கா சீதா இருக்கு. ஹாஜா மைதீன் பாய் சாப்பாட்டுக் கடையில மசாலா அரைக்குது. அங்க போய் இருந்துக்கிறேன்."

"எதுக்கு?"

"அவரு அடிக்கிறாருங்க."

அவர் என்றால் அவள் புருஷன் சின்னையா. ஒரு காலத்தில் அவனும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவன்தான். அவசரகாலம் வந்ததும் சர்க்கார் அவனைத் தோட்டத்து மாத்தாவாக, அதாவது காவல்காரனாக ஆக்கியது. காக்கி கொடுத்தது, துப்பாக்கி கொடுத்தது, இடுப்புக்கு ஒரு தடித்த பெல்ட்டு கொடுத்தது. அதற்கு முன்னால் கையால் அடித்துக்கொண்டிருந்தவன் பெல்ட்டுக்கு மாறினான். துரைக்கு முன்னால் நின்றால் பசு மாதிரி இருப்பான். வேலி வாசலின் சாவி அவனிடம்தான் இருந்தது.

கிராணி பேனாவைக் கீழே வைத்தார். "குடிச்சிட்டு அடிச்சானா?"

"இல்லீங்க. அவரு குடிக்கிறதே இல்ல."

கிராணிக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. "குடிச்சிருந்தா சம்சுச் சாராயத்து மேல பழி போடலாம். சூதாட்டம்?"

"இல்லீங்க."

"அப்ப ஒண்ணும் செய்ய முடியாது. இங்க பாரு வேலாயி, இந்த வேலி எதுக்குப் போட்டிருக்கு? உன்னக் காப்பாத்தத்தான். வெளிய போனா காட்டுக்காரன் அடிப்பான்."

"உள்ள இவரு அடிக்கிறாருங்களே ஐயா."

"அது குடும்பம்லா. காட்டுக்காரன் அடிச்சாத்தான் வன்முறை. அதுவும் போக, வெளிய தங்கறதுன்னா வாசல் கேட்டு மாத்தா சம்மதிக்கணும். அதான் ரூல்."

"கேட்டு மாத்தாவே அவருதானுங்களே."

"அப்ப ரொம்ப வசதியாப் போச்சு" என்றார் கிராணி. "வீட்டுலயே கேட்டுக்கலாம்."

வேலாயி அதைக் கேட்டுத்தான் பார்த்தாள். கேட்டதற்குக் கிடைத்த பதில் வலது பக்க இடுப்பில் புடைத்தது. இந்த முறை மணியம்மாவின் கை அந்த இடத்தைத் தொடாமல் தாண்டிப் போனது. அன்று சாயங்காலம் அவள் தவிட்டைத் துணியில் கட்டி, அடுப்பில் சுடவைத்து ஒத்தடம் கொடுத்தாள். கொடுக்கும்போது, "அரிசி தேடச் சொல்லித்தான்டி எனக்குச் சம்பளம். ஆனா என் கையில சிக்குறதெல்லாம் இதுதான்" என்றாள்.

இதற்கு நடுவில் தலைநகரிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. தோட்டங்களில் பெண்களை வன்முறையிலிருந்து காப்பாற்ற என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்று யாரோ மேலிடத்தில் கேட்டிருந்தார்கள். ஏற்பாடு எதுவும் இல்லை என்பதால் துரை உடனே மாதர் பாதுகாப்புக் கமிட்டி ஒன்று ஏற்படுத்தினார். தலைவி துரைசாணி, அதாவது துரையின் மனைவி. மற்றவர்கள் துரையும் கிராணியும். லயத்துப் பெண்களைப் பற்றித் தெரிந்தவர் ஒருவரும் வேண்டும் என்று தேடினார்கள். தினமும் காலையில் அத்தனை பெண்களையும் வாசலில் பார்க்கிறவன் யார் என்று யோசித்து, சின்னையாவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக் களத்தில் கூட்டம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. துரைசாணி கம்பளிச் சட்டையோடு மேடையில் நின்று இங்கிலீஷில் பேசினாள். கிராணி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழில் சொன்னார்.

"தொரைசாணி என்ன சொல்றாங்கன்னா, இந்த மலைக்கு வந்த புதுசுல அவங்களுக்கும் பயமாத்தான் இருந்திச்சாம். ராத்திரியில ஒரு இலை விழுந்தாக்கூடத் தூக்கம் வராதாம். இப்ப பங்களாவச் சுத்தி வேலி இருக்கு. அல்சேஷன் நாய் இருக்கு. படுக்கிற அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கு. தாழ்ப்பாள் போட்டா, தொரையே வந்தாலும் கதவத் தட்டிட்டுத்தான் வரணுமாம். ஒரு பொம்பளைக்கு இதுக்கு மேல என்ன வேணும்னு கேக்குறாங்க."

மேடையில் துரை சிரித்தார். சின்னையாவும் சிரித்தான். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று வேலாயியும் யோசித்துப் பார்த்தாள். அவ்வளவும் இருந்தால் தாராளமாகப் போதும் என்றுதான் அவளுக்கும் தோன்றியது.

பிறகு வீட்டுக்கு ஒரு காலி மண்ணெண்ணெய்த் தகரமும் தட்டுவதற்கு ஒரு கட்டையும் கொடுத்தார்கள். எந்த ஆம்பளையாவது ஒரு பெண்ணைத் துன்புறுத்த வந்தால் உடனே தகரத்தைத் தட்ட வேண்டும். சத்தம் கேட்டதும் மாத்தாக்கள் ஓடி வருவார்கள். தகரத்தை வேலாயியின் கையில் கொடுத்தவன், கமிட்டி அங்கத்தினன் என்ற முறையில், சின்னையாதான். எந்த ஆம்பளையாவது என்று சொன்னதை வேலாயி அப்படியே மனசில் வாங்கிக்கொண்டாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

மறுநாள் மாலை வாசலைப் பூட்டிவிட்டு வந்த சின்னையா, ஆபீசில் அவள் பாஸ் கேட்ட கதையை இன்னொரு தடவை விசாரிக்கத் தொடங்கினான். பெல்ட்டு மூன்றாவது முறை இறங்கியபோது வேலாயி மூலையில் இருந்த தகரத்தை எடுத்துத் தட்டினாள். லயமே அதிர்ந்தது. வெளியே மாத்தாக்கள் ஓடி வரும் பூட்ஸ் சத்தம் கேட்டது. சின்னையா அடிப்பதை நிறுத்தினான். பெல்ட்டை இடுப்பில் கட்டினான், துப்பாக்கியை எடுத்துக்கொண்டான், பின் வாசல் வழியாக வெளியேறி, ஓடி வருகிறவர்களோடு சேர்ந்து முன் வாசலுக்கு ஓடி வந்தான். அன்றைக்கு மாலை டியூட்டி அவனுக்கு.

"யாரு தட்டுனது?" என்று அவன்தான் கேட்டான்.

"நான்தான்."

"காட்டுக்காரன் எங்க?"

வேலாயி அவனைக் கை நீட்டிக் காட்டினாள். கூட வந்த மாத்தாக்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலர் இருமினார்கள்.

காலையில் விசாரணை. பொய்யாகத் தட்டியது குற்றம் என்று முடிவானது. தகரத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். கிராணி அவளைத் திட்டவில்லை. பரிதாபப்பட்டுப் புத்தி சொன்னார்.

"சும்மா சும்மா தட்டினேன்னு வையி. நாளைக்கு நெசமாவே ஒரு பொம்பளைய யாராவது அடிக்கும்போது ஒருத்தரும் வரமாட்டாங்க. பாவம், அவ கதி என்ன ஆகும்னு யோசிச்சியா?"

வேலாயிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த இன்னொரு பெண் யாரோ, அவளாவது நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

கமிட்டி ஏதாவது செய்ததா என்று மேலிடத்திலிருந்து மறுபடியும் கேட்டார்கள். ஒத்திகை ஒன்று நடத்தலாம் என்று துரை முடிவு செய்தார். காட்டுக்காரன் வந்து ஒரு பெண்ணைத் தாக்க வேண்டும், அவள் தகரம் தட்ட வேண்டும், மற்றப் பெண்களும் தட்ட வேண்டும், மாத்தாக்கள் வந்து அவனைப் பிடித்துக் கட்ட வேண்டும். எல்லாம் நிஜம் மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகப் போலீஸ் ஸ்டேஷனில் கேட்டு ஒரு தொப்பியை வாங்கி வந்தார்கள். திரிங்காப் ஊருக்கு மேலே காட்டுக்குள் சுட்டுக் கொன்ற ஒருவனின் தலையிலிருந்து எடுத்த தொப்பி அது. காக்கித் துணி. முன்பக்கம் சிவப்பு நட்சத்திரம். அதைப் பார்த்ததும் ஆண்கள் எல்லோரும் ஓர் அடி பின்வாங்கினார்கள். அதைத் தலையில் வைத்துக்கொண்டு எவனாவது கண்ணில் பட்டால் சுடலாம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சின்னையா மட்டும் முன்னால் வந்தான். "தொரை சொன்னா நான் போட்டுக்கிறேன்." கமிட்டி அங்கத்தினனே தியாகத்துக்குத் தயாராக நின்றதில் துரைக்குக் குரல் தழுதழுத்தது.

பெண் வேஷத்துக்கு ஆள் தேடும் சிரமம் இருக்கவில்லை. "வேலாயிக்குத் தகரம் தட்டிப் பழக்கம் இருக்கு" என்றார் கிராணி. பிடுங்கிய தகரத்தை அன்றைக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள்.

துரை விசில் ஊதினார். தொப்பியைப் போட்டுக்கொண்டு வேலிப் பக்கமிருந்து வந்த சின்னையா, முதலில் ஏதோ கூத்தில் ஆடுகிறவன் மாதிரிக் கையை ஓங்கினான். துரை, "பலமா! பலமா!" என்றார். அதற்கு மேல் அவனுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. முடியைக் கொத்தாகப் பிடித்தான். பழகின கை பழகின இடங்களுக்குப் போனது. துரைசாணி வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாள் பலகைச் சுவருக்குள் நடந்தது இப்போது பட்டப்பகலில், தோட்டமே பார்க்க, மேலிடத்து உத்தரவின்படி நடந்தது.

வேலாயி தகரத்தைத் தட்டினாள். களத்தைச் சுற்றி நின்ற பெண்கள் அத்தனை பேரும் தட்டினார்கள். மாத்தாக்கள் ஓடி வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் பெண்கள் வந்துவிட்டார்கள். ஒருத்தி காலைப் பிடித்தாள், ஒருத்தி கையை முறுக்கினாள். மாட்டுக் கயிற்றால் கட்டிக் குப்புறத் தள்ளி, மணியம்மா அவன் முதுகில் உட்கார்ந்துகொண்டாள். "எந்திரிடி, நான்டி!" என்று அவன் மண்ணுக்குள் கத்தினான். "காட்டுக்காரன் பேசுறான், கேளுங்கடி" என்றாள் மணியம்மா. வேலாயி மூச்சு வாங்க நின்று அதைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து தனக்காக ஒரு ஆள் ஓடி வந்து அவள் பார்த்ததில்லை. அன்று ஒரு தோட்டமே ஓடி வந்திருந்தது.

துரை இரண்டாவது விசில் ஊதினார். ஒத்திகை முடிந்தது. கட்டை அவிழ்த்து, தொப்பியைக் கழற்றி, சின்னையாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். துரைசாணி வேலாயியின் உதட்டைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"ரத்தம்கூட அப்படியே நெசம் மாதிரி இருக்குன்னு ஆச்சரியப்படுறாங்க" என்றார் கிராணி.

"ஐயா, தொரைகிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அந்தத் தொப்பிய அவர வீட்டுலயும் போட்டுக்கச் சொல்லுங்க. அது தலையில இருந்தாத்தான் எல்லாரும் வர்றாங்க."

கிராணி அதை மொழிபெயர்த்ததும் துரை விழுந்து விழுந்து சிரித்தார். இவ்வளவு அடி வாங்கியும் தமாஷ் பேசுகிறாளே என்று மெச்சினார். அடுத்த ஒத்திகை வரைக்கும் தொப்பியை எங்கே வைப்பது என்ற கேள்வியும் அத்தோடு தீர்ந்தது. வாசல் சாவியையே நம்பிக் கொடுத்திருக்கிற ஆளிடம் ஒரு தொப்பியைக் கொடுக்க முடியாதா? சின்னையா அதைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தான்.

சில நாள் அது பரண் மேல் இருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் மழை கொட்டியது. கொழுந்து எடுக்க முடியாமல் எல்லோரும் லயத்திலேயே இருந்தார்கள். சின்னையா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, சுவர்க் கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டான்.

"நான்தான்டி காட்டுக்காரன்" என்றான். "களத்துல என்னக் கட்டிப் போட்டு வேடிக்கை பாத்தேல்ல? இப்பத் தட்டு பாப்போம். தகரத்தத்தான் பிடுங்கிட்டாங்களே."

பெல்ட்டின் பித்தளைக் கொக்கி அவள் புருவத்தில் பட்டு, ஒரு கண்ணை ரத்தம் மூடியது. இன்றைக்கு உயிரோடு மிஞ்ச மாட்டோம் என்று வேலாயிக்குத் தெளிவாகத் தெரிந்தது. அப்போது சுவருக்கு மேல் ஏதோ உரசும் சத்தம். லயத்து வீடுகளின் பலகைச் சுவர் கூரை வரைக்கும் போகாது. அந்த இடைவெளி வழியாக மணியம்மாவின் தகரம் இந்தப் பக்கம் வந்து பொத்தென்று விழுந்தது.

வேலாயி தட்டினாள். அடுத்த வீடு தட்டியது. அதற்கடுத்த வீடும் தட்டியது. மழைச் சத்தத்தையும் மீறி லயம் முழுக்கத் தகரமாய் அலறியது. ஓடி வந்த மாத்தாக்கள் கதவை உதைத்துத் திறந்தார்கள். உள்ளே சிவப்பு நட்சத்திரத் தொப்பி போட்ட ஒருவன் ஒரு பெண்ணை அடித்துக்கொண்டிருந்தான். சட்டத்தில் சொன்னபடியே எல்லாம் இருந்தது.

"டேய், நான்தான்டா சின்னையா!"

"பேரெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கான்லா, ரொம்ப மோசமான ஆளு" என்றான் ஒரு மாத்தா. துப்பாக்கிக் கட்டையால் ஒரு போடு போட்டு, கையைப் பின்னால் கட்டி, தேயிலை ஸ்டோரில் கொண்டுபோய் அடைத்தார்கள். அன்றைக்கும் மறுநாளும் வேலாயி கதவைத் திறந்து போட்டுக்கொண்டு தூங்கினாள். மணியம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் நெற்றிக்குப் பச்சிலை வைத்துக் கட்டினாள்.

திங்கட்கிழமை விசாரணை. இந்த முறை கமிட்டிக்குப் பெரிய தர்மசங்கடம். கிராணி எழுந்து, துரையைப் பார்த்து வணங்கி, விஷயத்தை விளக்கினார்.

"சின்னையாவ காட்டுக்காரன்னு வச்சுக்கிட்டா, காட்டுக்காரன் கையில துப்பாக்கி கொடுத்தது யாருன்னு கேப்பாங்க. கேட்டுச் சாவியக் கொடுத்தது யாரு? மாதர் கமிட்டியில போட்டது யாரு? அதனால அவன் காட்டுக்காரன் இல்ல. அவன் காட்டுக்காரன் இல்லன்னா, அங்க நடந்தது வன்முறையும் இல்ல, குடும்பம். ஆனா மாத்தாக்கள் நாலு பேரு கண்ணால பாத்திருக்காங்க. அதையும் இல்லன்னு சொல்ல முடியாது. ஆக, குத்தம் நடந்திருக்கு, குத்தவாளி மட்டும் இல்ல."

துரை வெகு நேரம் பைப் புகைத்தார். பிறகு மேசை மேல் இருந்த தொப்பியைப் பார்த்தார். எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

தீர்ப்பு சாயங்காலம் பெரட்டுக் களத்தில் வாசிக்கப்பட்டது. வேலாயி என்ற தொழிலாளியைத் தாக்கியது மேற்படி தொப்பியே. அதைத் தலையில் வைத்த நேரத்தில் சின்னையா தன் வசத்தில் இல்லை. காட்டுக்காரர்களின் நஞ்சு ஒரு நல்ல குடும்பஸ்தனைக்கூட எப்படி மாற்றிவிடும் என்பதற்கு இதுவே சாட்சி. எல்லோருக்கும் முன்னால் தொப்பியின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். அது வெந்து முடிகிற வரைக்கும் மாத்தாக்கள் துப்பாக்கியை நீட்டிக் காவல் நின்றார்கள். துரைசாணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சின்னையா பட்ட கஷ்டத்துக்கு ஈடாக அவன் தோளில் புதுப் பட்டை ஒன்றைத் தைத்துக் கொடுத்தார்கள்.

வேலாயி கட்டுப்போட்ட நெற்றியோடு போய்க் கிராணியின் முன்னால் நின்றாள்.

"ஐயா, பாஸ்."

"இன்னும் என்னத்துக்குப் பாஸ்? ஆபத்தத்தான் உன் கண்ணு முன்னாலயே எரிச்சாச்சே!"

புதுப் பட்டையோடு சின்னையா வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டான், பெல்ட்டை ஆணியில் மாட்டினான், அதைப் பார்த்துக்கொண்டே படுத்தான். புண் ஆறட்டும் என்று அவன் காத்திருக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. அடுத்த முறை தலையில் தொப்பி இருக்காது. அதனால் யாரும் வர மாட்டார்கள்.

மறுநாள் வேலாயிக்கு ஓய்வு. அவன் வாசலுக்குக் காவல் போனதும், கிழிந்து போன அவனுடைய பழைய காக்கிக் கால்சட்டையை எடுத்தாள். வட்டமாக ஒரு துண்டும் நீளமாக ஒரு துண்டும் வெட்டினாள். களத்தில் அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்த தொப்பி, அளவு கண்ணுக்கு மறக்குமா? கல்யாணச் சேலையின் சிவப்புக் கரையில் நட்சத்திரம் வெட்டினாள். ஒரு முனை கொஞ்சம் கோணலாகப் போனது. பரவாயில்லை என்று விட்டுவிட்டாள்.

அதற்கடுத்த நாள் காலையில் கூடையை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். மணியம்மாவின் கை தோளிலிருந்து இறங்கி வந்து இடுப்பில் நின்றது.

"மறுபடியுமாடி?" என்றாள் மணியம்மா வருத்தமாக.

"வீக்கம் இல்லக்கா. தொப்பி."

மணியம்மாவின் கை அப்படியே உறைந்தது. "பைத்தியமாடி நீ? கேம்புல போட்டுருவாங்கடி. கப்பல் ஏத்தி ஊருக்கே அனுப்பினாலும் அனுப்பிருவாங்க."

"இங்கேருந்து எங்க அனுப்பினாலும் சரிக்கா. அந்தக் கேட்டத் தாண்டினாப் போதும். கத்து."

"என்னால முடியாதுடி."

"நீ கத்தலன்னா நாளைக்கு என்னயப் பாடையிலதான் வெளிய கொண்டு போவாங்க. கத்துக்கா!"

மணியம்மா அவள் முகத்தைப் பார்த்தாள், புருவத்துக் காயத்தைப் பார்த்தாள். பிறகு தொப்பியை உருவி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, தோட்டம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். கத்தும்போதே அவள் அழுதாள். விசுவாசத்தினால் அழுகிறாள் என்று கிராணி பிற்பாடு எழுதினார்.

அரிசியா என்று பார்க்க ஒரு காலைப்பொழுது பிடித்தது. தொப்பிக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. போலீஸ் லோரி வந்தது. யாருக்காகத் தைத்தாய் என்று கேட்டார்கள். வேலாயி, "எனக்குத்தான்" என்றாள். அப்படியானால் ஒரு பெண் பயங்கரவாதியே பிடிபட்டாள் என்று துரை கைகளைத் தேய்த்துக்கொண்டார். இரண்டு மலாய்ப் போலீஸ்காரர்கள் அவளை லோரியில் ஏற்றி உட்கார வைத்தார்கள். ஒருவர் தன் மழைக்கோட்டை எடுத்து அவள் மேல் போட்டார்.

லோரி வாசலுக்கு வந்து ஹாரன் அடித்தது. கேட்டு பூட்டியிருந்தது. சின்னையா சாவியோடு நின்றான். தன் வீட்டிலிருந்தே பயங்கரவாதி பிடிபட்டால் அவன் தோள் பட்டை என்னாகும் என்று அவன் யோசித்திருக்கலாம்.

"தொறங்கலா, நேரமாச்சு!" என்றார் டிரைவர்.

சின்னையா தன் கையாலேயே பூட்டைத் திறந்தான். வேலாயி அவனைப் பார்க்கவில்லை. அவள் சாவியைத்தான் பார்த்தாள். இத்தனை சின்னச் சாவியா என்று இருந்தது.

மலைப்பாதையில் சுற்றிச் சுற்றி லோரி இறங்கியது. ரிங்லெட் வந்தது. ஹாஜா மைதீன் கடைக்கு முன்னால் சீதா குனிந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அக்கா!" என்று வேலாயி கத்தினாள். சீதா நிமிர்ந்து பார்ப்பதற்குள் லோரி திரும்பிவிட்டது. போலீஸ்காரர் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். பாஸ் கேட்டு அலைந்தபோது அவள் ஆசைப்பட்டது ரிங்லெட்டைத்தான். கிடைத்தது அவ்வளவுதான்.

கீழ்நாட்டுத் தடுப்புக் கேம்பில் விசாரணை அதிகாரி ஒருவர், இரண்டு வருஷக் காவல் என்று சொன்னார். ஏதாவது சொல்ல வேண்டுமா என்றும் கேட்டார்.

"ஆம்பளைங்க இங்க வருவாங்களா ஐயா?"

"வர மாட்டார்கள். நடுவில் வேலி இருக்கிறது."

"அந்த வேலிக்குச் சாவி யாருகிட்ட?"

"பெண் வார்டரிடம்."

வேலாயி கைநாட்டு வைத்தாள். அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள், மறுநாள் சோற்று மணி அடித்த பிறகுதான் எழுந்தாள். காட்டுக்காரர்களுக்கு உதவியவர்கள் என்று பிடித்து வந்த பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, காய்ச்சலா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பல மாதம் கழித்து, மழை நின்ற ஒரு மத்தியானம், கேம்புக்கு லோரி வந்தது. அதிலிருந்து இறங்கியவள் வேலாயியின் லயத்திலேயே இருந்த ஜெயா. தாடை கோணியிருந்தது. வேலாயி ஓடிப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயுமாடி?"

"நானும்தான். எனக்கு முன்னால ரெண்டு பேரு வந்திருப்பாங்களே, வேற கேம்பா?" ஜெயாவுக்குப் பேசுவதே வலித்தது. "நம்ம தோட்டத்துல பொம்பளைங்க மேல ஒரு வன்முறையும் இல்லன்னு தொரைக்குச் சர்டிபிகேட் வந்திருக்குக்கா. சுவத்துல மாட்டியிருக்காங்க. எங்க பாதுகாப்புக்குன்னு சொல்லி லயத்துல ஊசி, நூலு, செவப்புத் துணி எல்லாத்தையும் தடை பண்ணிட்டாங்க."

"அப்புறம் எப்படிடி தச்ச?"

"மூங்கில் முள்ளுல. நூலுக்குச் சாக்க உருவினேன். செவப்புக்குத்தான் கஷ்டப்பட்டேன்." அவள் தன் தாடையைத் தொட்டுக் காட்டினாள். "அதுவும் வீட்டுலயே கிடைச்சிச்சு."

வேலாயி அந்தத் தாடையை மெல்லத் தொட்டாள். "மணியக்கா கத்துச்சா?"

"கத்துச்சுக்கா. அதுக்கு முன்னால காதுகிட்ட வந்து, 'நட்சத்திரம் கோணலா இருக்குடி, உள்ள போட்டுருவாங்கல்ல?'ன்னு கேட்டுச்சு. அப்புறம்தான் கத்துச்சு."

வார்டர் ஒரு பாயைக் கொண்டு வந்து போட்டாள். அது கிழிந்திருந்தது. வேலாயி அதைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, தன் பாயில் நகர்ந்து உட்கார்ந்து ஜெயாவுக்கு இடம் கொடுத்தாள்.